வெளியே வராத ரத்தம்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதமும் அதோடு பாப்பா தனியாக எழுதி மடித்து வைத்திருந்த அரைப்பக்கமும் கிடைத்தன. பக்கத்துத் தோப்பு நாய் செத்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறாய். உங்கள் நாய்கள் வெள்ளையனும் செவலையும் அப்படிப் போய்விடுமோ என்று அத்தையான என்னிடம் கேட்டிருக்கிறாள். அவளுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

சாயங்காலம் மினி லாரி இடித்தது, நாய் எழுந்து தானாகவே வீட்டுக்கு ஓடியது, தண்ணீர் குடித்தது, வாலை ஆட்டியது, உடம்பில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, விடிந்து பார்த்தால் விறைத்துக் கிடந்தது என்கிறாய். காயமே இல்லாமல் எப்படிச் சாகும் என்று கேட்கிறாய். போனில் சொன்னால் பாதி காதில் விழும், மீதி மறந்துபோகும். எடுத்து வைத்துத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய விஷயம் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சொல்வதை வைத்துப் பார்த்தால், அந்த நாய் ரத்தம் சிந்தித்தான் செத்திருக்கிறது. சிந்திய ரத்தம் முழுவதும் வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. வண்டி மோதும்போது தோல் கிழியாமலே உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கீறிவிடும். இரண்டும் ரத்தம் நிறைந்த, மென்மையான உறுப்புகள். கீறல் சிறியதாக இருந்தால் ரத்தம் மெதுவாகக் கசியும். அதனால்தான் சாயங்காலம் ஓடிய நாய் விடியற்காலையில் இல்லை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். நாயின் உடம்பில் கிலோவுக்கு ஏறக்குறைய 80 முதல் 90 மி.லி. ரத்தம் இருக்கும். வெள்ளையன் 25 கிலோ என்றால் அவன் உடம்பில் ஓடுவது சுமார் 2 லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டாலே உயிருக்கு ஆபத்து. அந்த முக்கால் லிட்டருக்கும் குறைவான ரத்தம் வயிற்றுக்குள் தேங்கினால் வெளியே பார்க்கிறவருக்கு வயிறு உப்பியதாகவே தெரியாது. வயிறு பெருக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் வந்து சேருகிறார்கள்.

அந்த நாய் வாலை ஆட்டியதில் வியப்பில்லை. ரத்தம் குறையத் தொடங்கியதும் இதயம் வேகமாக அடிக்கும், கால் காது தோல் ஆகியவற்றுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், மண்ணீரல் தன்னிடம் சேர்த்து வைத்திருந்த சிவப்பணுக்களை வெளியே தள்ளும். இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிட்டு உடம்பு சமாளிக்கும். சமாளிக்கிற வரை நாய் நடக்கும், ஆளைப் பார்த்தால் எழுந்து வரும். அந்தச் சக்தி தீர்ந்ததும் சட்டென்று சாய்ந்துவிடும். 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வண்டியில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த 100 நாய்களின் வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 45 நாய்களின் வயிற்றுக்குள் திரவம் தேங்கியிருந்தது. ஊசி குத்தி எடுத்துப் பார்த்தவற்றில் அனேகமாக எல்லாமே ரத்தம். இதைப் படித்த நாளிலிருந்து, வண்டியில் அடிபட்ட நாய் நடந்தே வந்தாலும் ஸ்கேன் செய்யாமல் அனுப்ப, கால்நடை மருத்துவரான எனக்கு மனம் வந்ததில்லை. நீயும் அப்படியே வைத்துக்கொள்: வண்டி மோதியது என்றால், காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவை நாம் கண்டுபிடிப்பது எப்படி? அதற்கு நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே அதை அறிந்து வைத்திருக்க வேண்டும். இன்று ராத்திரி சாப்பாடு ஆனபின் பாப்பாவையும் உட்கார வைத்துக்கொண்டு செய்து பார்.

முதலில் ஈறு. மேலுதட்டைத் தூக்கிப் பார். ஆரோக்கியமான நாயின் ஈறு இளஞ்சிவப்பாக, எச்சில் ஈரத்தோடு இருக்கும். விரலால் ஈறை அழுத்தினால் அந்த இடம் வெளுக்கும். விரலை எடுத்ததும் இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்பிவிட வேண்டும். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினால் போதும். வெள்ளையன் ராஜபாளையம். மூக்கே ரோஜா நிறம், ஈறும் பளிச்சென்று தெரியும், அவனிடம் பார்ப்பது சுலபம். செவலை கோம்பை நாய். அவளுக்கு முகமெல்லாம் கறுப்பு, ஈற்றிலும் கறுப்பு படர்ந்திருக்கலாம். அவளுக்குக் கீழ்க் கண்ணிமையை மெல்ல இழுத்து உள்பக்கம் பார். அங்கே நிறம் ஏமாற்றாது.

அடுத்தது நாடி. பின்னங்காலின் உள்தொடையில், மேலே இடுப்பை ஒட்டி விரல்களை வைத்தால் துடிப்பு தெரியும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கு. பெரிய நாய் அமைதியாகப் படுத்திருக்கும்போது நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கும். பிறகு மூச்சு. தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணு, 30-க்குள் இருக்க வேண்டும். காதையும் பாதத்தையும் தொட்டு அவற்றின் சூட்டைப் பழகிக்கொள். ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் காட்டும். இரண்டு நாய்களுக்கும் இந்த எண்களைப் பாப்பாவையே எழுதச் சொல். சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டி வை.

இவை மாறும்போது விழித்துக்கொள். ஈறு வெளிறி, மெழுகு நிறத்துக்குப் போவது முதல் எச்சரிக்கை. நிறம் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆவது, நாடி 140, 150 என்று ஓடியும் விரலுக்கு நூல்போல மெலிவாகத் தட்டுவது, பாதமும் காதும் சில்லிடுவது, ஓய்விலும் மூச்சு வாங்குவது, கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வது, நிற்கும்போது பின்கால் தள்ளாடுவது, இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். வண்டியைக் கிளப்பு. ஈறு வெளுத்திருப்பது ஒன்றே தெரிந்தாலும் அது போதும். ரத்தம் எங்கே போகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது மருத்துவரின் வேலை. ரத்தம் குறைகிறது என்று கண்டுகொள்வது உன் வேலை.

எங்கே கசிகிறது என்பதைப் பொறுத்துச் சில அடையாளங்கள் மாறும். வயிற்றுக்குள் என்றால் வயிறு இறுகும், தொட்டால் முனகும், படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நெஞ்சுக்குள் என்றால் மூச்சுத் திணறும், கழுத்தை நீட்டி முழங்கையை விரித்துக்கொண்டு உட்காரும், இருமும். இரைப்பையிலோ குடலின் மேல்பகுதியிலோ என்றால் மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுவென்று நாறும். வாந்தியில் காப்பித்தூள் கரைந்தாற்போல வரும். மூட்டுக்குள் கசிந்தால் நொண்டும். நொண்டுகிற நாய்க்குக் கால் சுளுக்கு என்று எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள். தோலுக்கு அடியில் என்றால் அடிவயிற்றிலும் உள்தொடையிலும் ஈற்றிலும் கடுகு அளவு சிவப்புப் புள்ளிகளோ ஊதாத் திட்டுகளோ தெரியும். கொசுக்கடி என்று விட்டுவிடாதே. விரலால் அழுத்திப் பார். தோலுக்கடியில் கசிந்த ரத்தமானால் அழுத்தினாலும் மறையாது.

வண்டி மோதுவது கண் முன்னால் நடக்கும் காரணம். உன் தோட்டத்தில் நான் அதைவிட அதிகம் பயப்படுவது எலி மருந்துக்கு.

தென்னையில் எலி குரும்பைகளைக் கடித்துத் தள்ளுகிறது என்று போன தடவை சொன்னாய். மரமேறுகிறவரிடம் கொடுத்து மட்டை இடுக்கில் புரோமடியோலோன் மெழுகுக் கட்டி வைக்கிறார்கள் என்றும் சொன்னாய். எல்லாத் தோப்பிலும் செய்வதுதான், விவசாயத் துறையே சொல்லும் முறைதான். ஆனால் காற்றடித்தால் கட்டி கீழே விழும். எலியே இழுத்துப் போடும். மாவும் மெழுகும் சேர்ந்த அந்த வாசனை நாய்க்குப் பிடிக்கும். விஷம் தின்று தள்ளாடுகிற எலியை நாய் பிடித்துத் தின்னும் ஆபத்தும் உண்டு.

இந்த மருந்து எப்படிக் கொல்கிறது என்பதை நீ புரிந்துகொள்ள வேண்டும். ரத்தம் உறைவதற்கு வேண்டிய சில புரதங்களைக் கல்லீரல் செய்கிறது. அதற்கு வைட்டமின் கே தேவை. உடம்பு ஒரே வைட்டமின் கே-யைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பயன்படுத்தும். அந்தப் புதுப்பிப்பைத்தான் இந்த மருந்து நிறுத்துகிறது. ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் தீரும்வரை ஒன்றும் தெரியாது. தின்ற அன்று நாய் விளையாடும், மறுநாளும் விளையாடும். மூன்றாம் நாள், நான்காம் நாள், சில சமயம் ஒரு வாரம் கழித்துக்கூட, உடம்புக்குள் எங்கேயோ ரத்தம் கசியத் தொடங்கும். பெரும்பாலும் நெஞ்சுக்குள். அப்போது யாருக்கும் போன வாரத்து எலி மருந்து ஞாபகத்தில் இருக்காது. சளி, நிமோனியா என்று சொல்லிக் கொண்டுவருவார்கள். மூச்சு வாங்குகிற, ஈறு வெளுத்த தோட்டத்து நாயைப் பார்த்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி, "எலிக்கு என்ன வைத்தீர்கள், எப்போது வைத்தீர்கள்?" என்பதுதான்.

அப்பா வால்வு மாற்றிய பிறகு தினமும் சாப்பிட்டாரே ஒரு மாத்திரை, உனக்கு ஞாபகம் இருக்கும். ரத்தம் உறையும் நேரம் பார்க்க அடிக்கடி பரிசோதனைக்குக் கூட்டிப் போனோம். அந்த மாத்திரையும் இந்த எலி மருந்தும் ஒரே குடும்பம். இதன் வரலாறே மாடுகளில் தொடங்கியது. 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குப் பகுதியிலும் மாடுகள் சின்ன அறுவைக்கும் கொம்பு சீவியதற்கும்கூட ரத்தம் நிற்காமல் செத்தன. கெட்டுப்போன இனிப்புத் தீவனப் புல்லைத் தின்றதுதான் காரணம் என்று ஸ்கோஃபீல்ட் என்ற கால்நடை மருத்துவர் கண்டார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடம் அந்தப் புல்லில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதை ஒட்டி உருவான வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. பிறகு அதுவே மனிதருக்கும் மருந்தானது. வார்ஃபரினுக்கு எலிகள் பழகிப்போன பின் வந்த அடுத்த தலைமுறை மருந்து புரோமடியோலோன். இது உடம்பில் வாரக்கணக்கில் தங்கும்.

இதற்கு மாற்று மருந்து இருப்பதுதான் நமக்கு ஆறுதல். வைட்டமின் கே1. தின்ற சில மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் மருத்துவர் வாந்தி எடுக்க வைத்து, பெரும்பகுதியை வெளியேற்றிவிடுவார். அதன்பின் கே1 மாத்திரை, கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோடு, மூன்று நான்கு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். நாய் ஒரு வாரத்தில் துள்ளி விளையாடும். அதைப் பார்த்து மருந்தை நிறுத்தினால் உள்ளே மிச்சமிருக்கும் விஷம் மறுபடி கசிவைத் தொடங்கிவிடும். மருந்து முடிந்து இரண்டு நாள் கழித்து ரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்த பிறகுதான் நிம்மதியாக இருக்கலாம்.

எலி மருந்து எல்லாம் ஒன்றல்ல என்பதையும் மனதில் வை. கருகருவென்ற பொடியை மாவில் பிசைந்து வைப்பார்களே, அது துத்தநாகப் பாஸ்பைடு. அது இரைப்பைக்குள் விஷவாயுவாக மாறிச் சில மணி நேரத்தில் கொல்லும். அதற்கு வைட்டமின் கே உதவாது. அதைத் தின்ற நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு நமக்கும் ஆகாது, திறந்த வெளியில் இருக்க வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் பசை ஈரலைக் கெடுத்து அதன் மூலம் ரத்தத்தைக் கசிய வைக்கும். அதனால் எந்த மருந்தானாலும் அட்டையைத் தூக்கி எறியாமல் வை, எடுத்துக்கொண்டு ஓட வேண்டி வரலாம். வைக்கும் கட்டிகளை எண்ணி வை. முடிந்தால் மரத்தடியைச் சுற்றித் தகரப் பட்டை அடித்து எலி ஏறாமல் தடு. மருந்து வைக்கிற வாரத்தில் நாய்களைத் தோப்புக்குள் அவிழ்த்துவிடாதே.

இரண்டாவது பயம் உண்ணி. செவலையின் காதுக்குள் நான் வந்தபோதே பார்த்தேன். பழுப்பு நிற நாய் உண்ணி எர்லிக்கியா என்ற கிருமியைக் கடத்தும். அது தட்டணுக்களைக் குறைத்துவிடும். காய்ச்சல், சாப்பிடாமல் சோர்ந்து கிடப்பது, பிறகு உடம்பில் சிவப்புப் புள்ளி, ஒருநாள் திடீரென்று மூக்கிலிருந்து ரத்தம் என்று வரும். இது 1935-இல் அல்ஜீரியாவில் முதலில் விவரிக்கப்பட்ட நோய். நம் பக்கத்தில் 1944-லேயே முதலியார் என்ற கால்நடை அறிஞர் தென்னிந்திய நாய்களில் இதைப் பதிவு செய்திருக்கிறார். டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள் கொடுத்தால் ஆரம்ப நிலையில் நன்றாகக் குணமாகும். மருந்துக் கடையில் ஐந்து நாளைக்கு வாங்கிக் கொடுத்து நிறுத்துவதால் நோய் உள்ளே பதுங்குகிறது. எலும்பு மஜ்ஜை வரை போய்விட்டால் காப்பாற்றுவது கடினம். உண்ணி முட்டையிடுவது சுவர் விரிசலில், நாய் படுக்கும் சாக்குக்கு அடியில். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது, அது படுக்கும் இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும்.

மூன்றாவது கண்ணாடி விரியன். அதன் விஷம் ரத்தம் உறைவதற்கான புரதங்களைத் தின்று தீர்த்துவிடும். முகமோ காலோ வேகமாக வீங்கும், கடிவாயில் ரத்தம் நிற்காது, சிறுநீர் சிவக்கும். கட்டுப் போடாதே, கீறாதே. நேராக மருத்துவமனை. மருத்துவர் ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார். உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து ஏற்றுவார். மனிதருக்குப் போடும் அதே மருந்துதான் நாய்க்கும். அதற்கான விஷத்தை எடுத்துத் தருகிறவர்கள் வடநெம்மேலியில் 1978-இல் இருளர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தார். வெள்ளையனைப் போன்ற நாய்கள் பிழைப்பதற்குப் பின்னால் அவர்களுடைய கைகளும் இருக்கின்றன.

சென்னையில் உன் மாமனார் வீட்டு லேப்ரடாருக்குப் பத்து வயது ஆகிவிட்டது. அவர்களிடமும் ஒன்று சொல்லிவிடு. வயதான பெரிய இன நாய்களுக்கு, லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு போன்றவற்றுக்கு, மண்ணீரலில் ரத்தக்குழாய்க் கட்டி வரும். அது ஒருநாள் லேசாக வெடித்துக் கசியும். நாய் சட்டென்று சாயும், ஈறு வெளுக்கும். கசிவு தானாக நின்று, வயிற்றில் தேங்கிய ரத்தத்தை உடம்பே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் நாய் எழுந்து சாப்பிடும். வெயில் தாங்காமல் மயங்கிவிட்டது என்று வீட்டில் நினைப்பார்கள். அடுத்த கசிவு பெரிதாக இருக்கலாம். சாய்ந்து எழுந்த கிழ நாயை, அது எழுந்துவிட்டாலும், அந்த வாரமே ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

இனி, அப்படி ஒரு நேரம் வந்தால் செய்ய வேண்டியது. பதறாதே. நீ கத்தினால் நாயின் இதயம் இன்னும் வேகமாக அடிக்கும், கசிவு கூடும். ஒருவர் மருத்துவருக்குப் போன் செய்யட்டும்: என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, ஈறு என்ன நிறம், எடை எவ்வளவு. நீங்கள் போய்ச் சேருவதற்குள் அவர்கள் தயாராக இருப்பார்கள். இன்னொருவர் ஒரு பலகையோ கெட்டியான ஜமக்காளமோ கொண்டு வரட்டும். நாயை நடக்க விடாதே, அக்குளில் கை கொடுத்துத் தூக்காதே. இரண்டு பேராகப் பக்கவாட்டில் நழுவவிட்டு ஏற்றுங்கள். மூச்சுத் திணறினால் அதற்கு எப்படி இருக்க வசதியோ அப்படியே விடு. மேலே போர்த்து, உடம்பு குளிரக் கூடாது. வெளிக்காயத்தில் ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடி, அடிக்கொரு தரம் தூக்கிப் பார்க்காதே. வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். பாப்பாவை அதன் முகத்துக்குப் பக்கத்தில் விடாதே. வாயைக் கட்ட வேண்டுமானால் வேட்டித் துணியைக் கிழித்துத் தளர்வாகக் கட்டு. மூச்சு வாங்கினாலோ வாந்தி எடுத்தாலோ அதுவும் வேண்டாம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. வீட்டில் இருக்கும் வலி மாத்திரை எதையும் கொடுக்காதே. ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைக் கெடுக்கும். டைக்லோஃபெனாக்கும் இபுபுரூஃபெனும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி அங்கேயே ரத்தத்தைக் கசிய வைக்கும். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதே. உப்பே விஷமாகும், சோர்ந்த நாய்க்கு அது மூச்சுக்குழாயில் போகும். பால், முட்டை, சோறு எதுவும் வேண்டாம். அறுவை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும். வயிற்றை அழுத்திப் பார்க்காதே, உருவிவிடாதே. கசியும் இடத்தில் படிந்த ரத்தக்கட்டு அதனால் பெயர்ந்துவிடும்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள் என்று தெரிந்திருந்தால் உனக்குக் கலக்கம் குறையும். ஸ்கேன் வைத்து வயிறும் நெஞ்சும் பார்ப்பார்கள். திரவம் தெரிந்தால் ஊசியால் கொஞ்சம் எடுப்பார்கள். வயிற்றுக்குள் கொட்டிய ரத்தம் வெளியே எடுத்து வைத்தால் உறையாது, அதுவே ஓர் அடையாளம். சிவப்பணு அளவைப் பார்ப்பார்கள். முதல் பரிசோதனையில் அது சரியாகவே இருக்கலாம், ஏனென்றால் சிவப்பணுவும் நீரும் சேர்ந்தேதான் வெளியேறியிருக்கும். அதனால் சில மணி நேரம் விட்டு மறுபடி எடுப்பார்கள். ஏன் திரும்பத் திரும்ப ஊசி குத்துகிறார்கள் என்று சடைத்துக்கொள்ளாதே. அடிபட்டு வயிற்றுக்குள் கசிந்த நாய்களில் பல, நரம்பில் ஏற்றும் திரவமும் ஓய்வும் கண்காணிப்பும் கிடைத்தால் அறுவை இல்லாமலே தேறிவிடுகின்றன.

நிலைமை மோசமானால் ரத்தம் ஏற்ற வேண்டும். நாய்க்கு நாய் ரத்தம் ஏற்றுவது புதிதல்ல. 1660-களில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்டு லோவர் என்ற மருத்துவர், ரத்தம் இழந்து சாகக் கிடந்த நாய்க்கு இன்னொரு நாயின் ரத்தத்தைச் செலுத்திப் பிழைக்க வைத்தார். மனிதருக்கு ரத்தம் ஏற்றும் வித்தைக்கே நாய்தான் முதலில் வழி காட்டியிருக்கிறது. நாய்களுக்கும் ரத்த வகைகள் உண்டு. ஆனால் மனிதரைப் போல வேறு வகை ரத்தத்தை எதிர்க்கும் சக்தி முதலிலேயே வலுவாக இருப்பதில்லை. அதனால் முதல் தடவை ஏற்றும்போது பெரும்பாலும் பெரிய கோளாறு வராது. வேப்பேரியில் நான் படித்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்கு ரத்த வங்கி இருக்கிறது. நம் பக்கத்தில் அவசரத்துக்கு வேறொரு நாயைத்தான் தேட வேண்டியிருக்கும். தடுப்பூசி போட்ட, உண்ணி நோய் இல்லாத, 25 கிலோவுக்குக் குறையாத, எட்டு வயதுக்கு உட்பட்ட நாய் ரத்தம் கொடுக்கலாம். வெள்ளையன் அதற்குப் பொருத்தமானவன். அவனுடைய ரத்த வகையைப் பார்த்து வைத்துவிட்டால் உங்கள் ஊரில் அந்த ரத்தம் பொருந்தும் நாய்களுக்கு அவன் உதவ முடியும்.

எல்லா நாயையும் காப்பாற்ற முடியும் என்று நான் சொல்லமாட்டேன். ஈரல் இரண்டாகப் பிளந்த நாயை வாசலிலேயே இழந்திருக்கிறேன். ஆனால் நான் இழந்தவற்றில் பல, காயத்தின் கொடுமையால் போனவை அல்ல, ராத்திரி பார்த்துக்கொள்வோம், விடிந்ததும் போவோம் என்ற அந்த ஒரு பேச்சால் போனவை. அன்பில்லாமல் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ரத்தத்தைக் கண்ணால் பார்த்தால் அவர்களே நடு ராத்திரியில் ஓடி வந்திருப்பார்கள். உனக்கு இனி ரத்தத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஈறைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஆகவே இந்த வாரத்துக்குள் மூன்று காரியம் செய். உனக்குப் பக்கத்தில், உத்தமபாளையத்திலும் தேனியிலும், ராத்திரியில் போன் எடுக்கும் கால்நடை மருத்துவர் யார், எங்கே ஸ்கேன் இருக்கிறது என்று விசாரித்து எழுதி வை. தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது, அங்கே எந்த நேரத்தில் அவசரம் பார்க்கிறார்கள் என்று நேரில் போய்க் கேட்டுவிடு. 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை ஊர்தியும் உண்டு, ஆனால் உள்ரத்தக் கசிவுக்கு அது வரும்வரை காத்திராமல் உன் வண்டியிலேயே கிளம்பு. பிறகு, பக்கத்துத் தோப்புக்காரரிடம் போய் உட்கார்ந்து பேசு. தான் கவனிக்கவில்லை என்று அவர் குமைந்துகொண்டிருப்பார். அவர் மீது குற்றம் இல்லை என்றும், அடுத்த நாய் வளர்த்தால் ஈறு பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றும் சொல். பாப்பாவையும் கூட்டிப் போ. அவளே அவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், அவள் மனசும் ஆறும்.

மூன்றாவது காரியம் அவளுக்கு. வெள்ளையன், செவலை இருவருக்கும் ஈற்றின் நிறம், நாடி, மூச்சு, உடம்புச் சூடு எல்லாம் எழுதி எனக்கு ஒரு தாள் அனுப்பச் சொல். அத்தை சரிபார்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: கடையில் வைட்டமின் கே என்று கேட்டால் கே3 ஊசியைக் கொடுத்துவிடுவார்கள். எலி மருந்துக்கு அது வேலை செய்யாது. கே1 தான் வேண்டும், மருத்துவர் சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கு. ரத்தம் உறையாத நாய்க்கு யாரையும் தசையில் ஊசி போட விடாதே, குத்திய இடத்திலேயே ரத்தம் கட்டிக்கொள்ளும்.